விசில் வரவில்லை

பாட்டு இல்லை தம்பி. பாட்டுக் கேட்கிற மாதிரி தெரிகிறதா? தெரியட்டும் என்றுதான் இந்த மாடலைக் கேட்டு வாங்கினேன். இது காது மெஷின். முந்தாநாள் திருச்சியில் மாட்டிவிட்டார்கள். நேற்று மறுபடி வரச்சொல்லிச் சரிபார்த்தார்கள். மைத்துனன் வீட்டில் தங்கிவிட்டு இப்போது ஊருக்குத் திரும்புகிறேன்.

உங்கள் அப்பாவுக்கா? போனில் ஆர்டர் போடப் போகிறீர்களா? எங்கே, காட்டுங்கள். இதேதான். இதே வெள்ளை டப்பா, இதே படம். நான் முதலில் வாங்கினது இது. இப்போது காதில் இருப்பது வேறு. பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

போட்டுவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நான் டிப்போ நிறுத்தத்தில் இறங்க வேண்டும், அதற்கு இன்னும் அரைமணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. பதினொரு மணிக்கு டிப்போவில் ஒரு விசாரணை. நான் சாட்சி. அதைச் சொல்லாமல் இந்த மெஷின் விஷயத்தைச் சொல்ல முடியாது.

என் பெயர் வைரக்கண்ணு. டிரைவர். எங்கள் ஊர் டவுன் பஸ். இருபத்தாறு வருஷ சர்வீஸ். அதில் இருபது வருஷம் விபத்து இல்லாமல் ஓட்டினதற்கு மெடல் கொடுத்திருக்கிறார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், என்ன இப்போது.

டிரைவர்களுக்கு வலது காதுதான் முதலில் போகும். ஜன்னல் பக்கம் இல்லையா. காற்று, எதிரே வருகிற லாரியின் ஹாரன், எல்லாம் அந்தப் பக்கம். இடது பக்கம் எஞ்சின். எனக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. என் மனைவி தனபாக்கியம்தான் முதலில் சொன்னாள். டிவி சத்தத்தை நான் ஏற்றி வைப்பேன். "தெருவுக்கே நீங்கதான் செய்தி போடுறீங்களா?" என்பாள். எதிர்வீட்டுக்காரர்கள் ஒருநாள் அவர்கள் டிவியை நிறுத்திவிட்டு எங்கள் டிவியிலேயே நாடகம் கேட்டார்களாம். அவள் சொன்னது. இப்படிக் காது போனவனுக்கு ஒரு வார்த்தை இருக்கிறது. நான் அதைச் சொல்ல மாட்டேன். அவளும் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதற்காக என்னென்னவோ சொல்வாள்.

மெடிக்கல் ஷாப் சாகுலிடம் மைத்துனனுக்குக் கேட்கிற மாதிரி கேட்டேன். அவர் சொன்னார்: "ரெண்டு வழி இருக்குண்ணே. காது டெஸ்ட் எடுத்து, அதுக்குத் தக்கபடி அவங்க எழுதிக் குடுக்கறது ஒண்ணு. டெஸ்டும் வேணாம் சீட்டும் வேணாம்னு போன்ல வாங்கி மாட்டிக்கறது ஒண்ணு. லேசா மந்தமா இருந்தா ரெண்டாவது போதும்பாங்க. என்னைக் கேட்டா டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க."

நான் ஒன்றுதான் கேட்டேன். "எதுல பேப்பர் கிடையாது?"

சாகுல் சிரித்துவிட்டார். "எல்லாரும் பேப்பர் குடு, கேரண்டி குடும்பாங்க. உங்க மைத்துனர் என்ன, பேப்பர் இல்லாதது வேணுங்கறாரு?"

டிரைவருக்குப் பேப்பர் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. காது சரியில்லை என்று ஒரு தாள், நம் பெயர் போட்டு, எங்கேயாவது இருந்தால் அது ஒருநாள் டிப்போவுக்கு வந்துவிடும். வந்தால் லைட் டியூட்டி. கேட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைப்பார்கள். உள்ளே வருகிற வண்டி நம்பரை எழுத வேண்டும். எனக்கு முன்னால் ஒருவர் அப்படி உட்கார்ந்திருந்தார், கண் போய். புதுப் பையன்கள் ஹாரன் அடித்துக் கிண்டல் பண்ணுவார்கள். நானும் அடித்திருக்கிறேன்.

அதனால் போனில் வாங்கினேன். இரண்டு காதுக்கும். பார்த்தால் பாட்டுக் கேட்கிற சாமான்தான், சத்தியம் பண்ணினாலும் யாரும் வேறு சொல்ல மாட்டார்கள். வீட்டில் பரவாயில்லை. தனபாக்கியம் அடுப்படியில் முணுமுணுப்பதுகூடக் கொஞ்சம் கேட்டது. கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது, அது வேறு. பஸ்ஸில்தான் கஷ்டம். எஞ்சின் இரைச்சல் காதுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. எல்லாவற்றையும் ஒரே மாதிரி தூக்கிக் கொடுக்கும் அது. பெரிய சத்தம் இன்னும் பெரிதாகும். விசில் மட்டும் எங்கேயோ அடுத்த ஊரில் ஊதுகிற மாதிரி. சில நாள் அதுவும் இல்லை.

டவுன் பஸ்ஸில் விசில்தான் எல்லாம், உங்களுக்குத் தெரியும். ஒரு விசில் என்றால் நிறுத்து. இரண்டு என்றால் போகலாம். கண்டக்டர் பின் படியில் நிற்பான், டிரைவருக்கு அவன் முகம் தெரியாது. அந்தச் சத்தம் மட்டும்தான்.

ஒரு மாதம் மாட்டிக்கொண்டு ஓட்டியிருப்பேன். ஒரு காலேஜ் பெண் வீடியோ எடுத்துவிட்டது. 'பாட்டுக் கேட்டுக்கொண்டே பஸ் ஓட்டும் டிரைவர்' என்று போட்டுவிட்டது. கிளை மேலாளர் கூப்பிட்டார். "என்ன வைரக்கண்ணு, இந்த வயசுல என்ன பாட்டு கேட்குது?" என்றார்.

"பழைய பாட்டு சார்" என்றேன்.

சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள். வேலை நேரத்தில் பாட்டுக் கேட்டது தவறு, இனிமேல் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாரம் டிப்போ முழுக்க இதே பேச்சு. "அண்ணே, இன்னைக்கு என்ன பாட்டு? சோகமா, டூயட்டா?" என்பான்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு அது பிடித்திருந்தது. வயசானாலும் ஆள் குஷாலாக இருக்கிறான் என்று நினைக்கிறான்கள் இல்லையா. ஆனால் அதோடு டியூட்டியில் மெஷின் மாட்ட முடியாமல் போய்விட்டது.

அப்புறம் எப்படி ஓட்டினேன் என்று கேட்கிறீர்களா? அனுபவம்தான். இடது பக்கக் கண்ணாடியில் பார்ப்பேன். கடைசித் தலை இறங்கிவிட்டதா, மனதுக்குள் மூன்று எண்ணுவேன், வண்டியை எடுப்பேன். ஒன்பது மாதம் ஓட்டினேன் அப்படி. ஒருவருக்கும் தெரியாது.

என் கண்டக்டர் மதலைமுத்து. நல்ல பையன்தான். பையன் என்ன, நாற்பத்தைந்து ஆகிறது. ஆனால் அந்தச் சமயத்தில் அவனிடம் ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. விசில் கொடுத்துவிட்டு அதோடு நிற்க மாட்டான். கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு முன்னால் வந்து, என் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கம்பியில் டிக்கெட் மெஷினால் தட்டுவான். நிறுத்த ஒரு தட்டு, எடுக்க இரண்டு தட்டு. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பின் படியிலிருந்து முன்னால், திரும்பப் பின்னால். ஜனங்கள் திட்டுவார்கள், "என்னய்யா சும்மா குறுக்க குறுக்க ஓடுற" என்று. அவன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே வருவான். எனக்கு அது பிடிக்கவில்லை. சீனியர் டிரைவரிடம் எடுக்கிற உரிமையா அது?

ஒருநாள் வண்டி நிறைய ஆள் இருக்கும்போது திரும்பிச் சத்தம் போட்டேன். "நான் என்ன மாடா, தட்டித் தட்டி ஓட்டுறதுக்கு? பின்னாடி நின்னு உன் வேலையைப் பாரு!"

பஸ்ஸே சிரித்தது. மதலைமுத்து முகம் எப்படியோ ஆகிவிட்டது. "அதுக்கில்லண்ணே" என்று என்னவோ சொல்ல வந்தான். அப்புறம், "சரிண்ணே, விசில் மட்டும் குடுக்கறேன்" என்றான். அதிலிருந்து தட்டவில்லை.

அடுத்த புதன்கிழமை அது நடந்தது.

பால் சொசைட்டி நிறுத்தம். காலை ஒன்பது இருக்கும். அங்கன்வாடி டீச்சர் அமிர்தவல்லி தினமும் அங்கேதான் இறங்குவார். அன்றைக்குப் பிள்ளைகளுக்கு முட்டை அட்டை கொண்டுவந்திருந்தார். இறங்கிவிட்டார். கண்ணாடியில் பார்த்தேன், இறங்கிவிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. எடுத்தேன். அவர் முட்டை அட்டையைப் படிக்குப் பக்கத்துச் சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கியிருக்கிறார். அதை எடுக்கத் திரும்பவும் ஏறியிருக்கிறார். ஒரு கால் படியில், ஒரு கால் தரையில்.

மதலைமுத்து நீளமாக ஒரு விசில் ஊதினானாம். அப்புறம் இன்னொன்று. அப்புறம் நிறுத்தாமல் ஊதினானாம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. முன் சீட்டில் இருந்த ஒருவர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்து உலுக்கியபோதுதான் பிரேக் போட்டேன். இறங்கி ஓடிப் பார்த்தால் டீச்சர் தரையில். பின் சக்கரத்துக்கும் அவர் காலுக்கும் ஒரு சாண் இருந்தது. படியெல்லாம் முட்டை. அவர் அழவில்லை. "அய்யோ, பிள்ளைங்க முட்டை போச்சே" என்றார். அப்புறம்தான் இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது என்று தெரிந்தது. இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறாராம். நான் போய்ப் பார்க்கவில்லை. போகணும்.

டிப்போவில் எழுதிக் கேட்டார்கள். இரண்டு பேரையும் தனித்தனியாக. மேலாளர் என்னிடம், "விசில் வந்துச்சா, வரலையா? அதை மட்டும் எழுதுங்க" என்றார். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். கேட்கவில்லை என்று எழுதினால், ஏன் கேட்கவில்லை என்பார்கள். பாட்டா என்பார்கள். பாட்டு இல்லை என்றால் வேறென்ன என்பார்கள்.

"விசில் வரவில்லை" என்று எழுதினேன்.

கையெழுத்தையும் போட்டேன். பஸ்ஸில் இருந்தவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அவசரத்தில் இருந்தவர்களும். ஒருவர் ஊதினார் என்றார், ஒருவர் கவனிக்கவில்லை என்றார், எழுதிக் கொடுக்க ஒருவரும் வரவில்லை. மதலைமுத்துவைச் சஸ்பெண்ட் பண்ணினார்கள். மூன்று மாதம் ஆகிறது. இன்றைக்கு விசாரணையில் குற்றம் நிரூபணம் ஆனால் வேலையை விட்டே எடுத்துவிடுவார்கள். அவனுக்கு இன்னும் பதினஞ்சு வருஷம் சர்வீஸ் பாக்கி. எனக்குப் பதினாலு மாதம்.

அந்த மூன்று மாதமும் நான் பஸ் எடுக்கவில்லை. முதுகு வலி என்று மெடிக்கல் லீவு. அதற்குப் பேப்பர் வாங்குவதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை பாருங்கள்.

போன மாதம் மதலைமுத்து வீட்டுக்கு வந்தான். கெஞ்ச வந்திருக்கிறான் என்று நினைத்தேன். என்ன பதில் சொல்வது என்று தயார் பண்ணிக்கொண்டேன். அவன் என் இடது பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு, முகத்துக்கு நேரே உட்கார்ந்தான். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினான். திருச்சியில் ஒரு இடம் சொன்னான். அவன் தங்கச்சி மகளுக்கு அங்கேதான் மெஷின் வைத்தார்களாம். "ஒரு டெஸ்ட் எடுத்துக்குங்கண்ணே" என்றான்.

"உன் கேசுக்கு என் காது வேணுமா?" என்று கேட்டேன். கேட்டேன் தம்பி, அந்த வார்த்தையைத்தான் கேட்டேன்.

"எனக்காக இல்லண்ணே. லீவு முடிஞ்சா நீங்க மறுபடி வண்டி எடுக்கப் போறீங்க. அதுக்குத்தான்" என்றான்.

காப்பியை வைத்துவிட்டுத் தனபாக்கியம் உள்ளே போனவள் வெளியே வரவில்லை. அவன் எழுந்து போன பிறகு பார்த்தால், அரிசியைப் புடைத்தபடி அழுதுகொண்டிருந்தாள். எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. அவனுக்கு எப்படித் தெரிந்தது? யார் சொல்லியிருப்பார்கள்? இன்றுவரைக்கும் யோசிக்கிறேன்.

சரி, திருச்சிக்குப் போனேன். நஸ்ரின் என்று ஒரு பெண், மகள் வயசு. கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னாள். கண்ணாடி வழியாக அவள் கை தெரிந்தது. கை அசையும்போதெல்லாம் அமுக்கினேன். உள்ளே வந்து நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டுப் போனாள். ஐம்பத்தெட்டு வயசில் காப்பியடித்துப் பிடிபட்டேன்.

அப்புறம் ஒரு தாளைக் காட்டினாள். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது. இரண்டு கோடும் பாதிவரைக்கும் ஒரு மாதிரி வந்து, அப்புறம் படிக்கட்டு மாதிரி கீழே இறங்குகிறது. வலதுதான் ரொம்ப. "தாழ்ந்த சத்தம் உங்களுக்கு ஓரளவு கேட்குதுங்க ஐயா. கூர்மையான சத்தம்தான் போயிருக்கு. கடையில வாங்கினது எல்லாத்தையும் சேர்த்து ஏத்தும். இது எங்க குறையுதோ அங்க மட்டும் ஏத்தற மாதிரி வெச்சுக் குடுப்போம்" என்றாள்.

"விசில் எங்கம்மா இருக்கும் இதுல?" என்றேன்.

பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். கோடு அதற்கு ரொம்பக் கீழே இருந்தது. "பஸ் இரைச்சல்ல இது உங்களுக்குக் கேட்டிருக்கவே வாய்ப்பில்லீங்க" என்றாள். நான் விசிலை மட்டும்தான் கேட்டேன். பஸ்ஸைப் பற்றி அவளிடம் சொல்லவேயில்லை. தொழில் என்ன என்றதற்கு விவசாயம் என்றுதான் சொல்லியிருந்தேன்.

காதுக்குப் பின்னால் மாட்டுகிற மாடல் இன்னும் நன்றாகக் கேட்கும் என்றாள். வேண்டாம், பாட்டு மெஷின் மாதிரியே கொடு என்றேன். இப்போதைக்குச் சமாளிக்கலாம் என்று கொடுத்தாள். அப்புறம் அந்தத் தாளை, "பேர் போடாம குடுக்க முடியுமாம்மா?" என்று கேட்டேன்.

"பேர் இல்லாட்டி இது யாரோட காதுங்க ஐயா?" என்றாள்.

இந்தப் பையில்தான் இருக்கிறது. பேர், வயசு, தேதி, அவள் கையெழுத்து எல்லாம் போட்டு. விசாரணை அதிகாரியிடம் இதைக் கொடுத்து, நான் எழுதினது பொய், அவன் ஊதினான், எனக்குக் கேட்கவில்லை என்று சொன்னால் முடிந்தது. மதலைமுத்துவுக்கு வேலை திரும்பக் கிடைக்கும். எனக்குக் கேட்டில் ஸ்டூல். பொய் எழுதினதற்கு மெமோ வரும், டீச்சர் கேசும் என் பக்கம் திரும்பும். திரும்பட்டும். கொடுத்துவிடுவேன். முடிவு பண்ணிவிட்டேன். நேற்றே முடிவு பண்ணிவிட்டேன். நான் போகவில்லை என்றால் எழுதிக் கொடுத்ததை வைத்தே முடித்துவிடுவார்கள், அதனால்தான் நேரத்தோடு கிளம்பினேன்.

நன்றாகத்தான் கேட்கிறது தம்பி இது. பின்னால் அந்த அம்மாள் பொரி பொட்டலத்தைப் பிரிக்கிறார், கேட்கிறது. இந்த டிரைவர் மூன்றாவது கியரை அடித்துப் போடுகிறான், கேட்கிறது. பின் படியில் கண்டக்டர், ஆஸ்பத்திரி நிறுத்தம் என்று சொல்லி விசில் கொடுத்தாரே, அதுவும் கேட்டது. நாலு வருஷம் கழித்து ஒரு விசிலை முழுசாகக் கேட்கிறேன். ஒரு விசில் என்பது இவ்வளவு பெரிய சத்தமா!

அதனால் உங்கள் அப்பாவை முதலில் டெஸ்டுக்குக் கூட்டிப் போங்கள். ஒரு காது மட்டும் குறைவா, திடீரென்று வந்ததா, வலி இருக்கிறதா என்று கேளுங்கள். அப்படியிருந்தால் போனில் வாங்கவே கூடாது, டாக்டர்தான் பார்க்கணும் என்றாள் அந்தப் பெண். இரண்டு காதிலும் லேசாக மந்தம், வேறொன்றும் இல்லை என்று டெஸ்டில் வந்தால் இந்த வெள்ளை டப்பாவே போதுமாக இருக்கலாம். எனக்குப் போதவில்லை என்பதால் அவருக்கும் போதாது என்று இல்லை. ஆனால் தெரிந்துகொண்டு வாங்கட்டும். அவர் வர மாட்டேன் என்பார். வெட்கப்படுவார். பேப்பர் எதற்கு என்பார். நீங்கள் விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர் என்ன வேலை பார்த்தார் என்றீர்கள்? மில்லா? மில்லில் தறிப் பக்கமா, நூல் பக்கமா? தறி என்றால் இரைச்சல் அதிகம். எத்தனை வருஷம்? சொல்லுங்கள், சொல்லுங்கள்.

என்ன? டிப்போவா?

போய்விட்டதா? எப்போது? நின்றதா வண்டி? கண்டக்டர் கூப்பிட்டாரா, இரண்டு தடவையா? விசிலும் கொடுத்தாரா? நீங்கள் என் கையைத் தொட்டிருக்கலாமே தம்பி. பேசிக்கொண்டிருந்தேன், சரி. வேண்டாம், வேண்டாம், நிறுத்தச் சொல்லாதீர்கள், பாவம் அந்த டிரைவர், நடுரோட்டில் எப்படி நிறுத்துவான். பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு வண்டி பிடித்துக்கொள்கிறேன். பதினொன்று என்றால் பதினொன்றுக்கேவா ஆரம்பிக்கப் போகிறார்கள்.

எனக்குக் கேட்கவில்லை. நான் காது கேட்காதவன் தம்பி. உங்களிடம்தான் இவ்வளவு நேரம் சொன்னேனே.